நன்னூல் பொதுப்பாயிரமும் மென்திறன் கல்வியும்: ஆசிரியர், மாணாக்கர், பணியிடம்

ஆய்வுச் சுருக்கம்

மென்திறன் என்னும் சொல் இன்று பள்ளி, கல்லூரி, பணியிடம் ஆகிய மூன்றிலும் பெருவழக்காகப் பயின்று வருகிறது. நடைமுறையில் அச்சொல் ஆங்கில உரையாடல், உடை ஒழுங்கு, நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்னும் குறுகிய எல்லைக்குள் நின்றுவிடுகிறது. இதனால் சிற்றூர்ப் பின்னணியிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணாக்கர் தம்மிடம் இயல்பாக உள்ள திறன்களையும் குறைபாடாகக் கருதும் நிலை ஏற்படுகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர் இருவரின் இயல்புகளையும், பாடம் சொல்லும் முறையையும், கேட்கும் முறையையும் தனித்தனியே வரையறுக்கிறது. திருக்குறளின் அமைச்சியல் பணியிடத்திற்குரிய பண்புகளைப் பேசுகிறது. இவ்விரண்டையும் இன்றைய மென்திறன் வரையறைகளோடு ஒப்பிட்டு, ஏற்பனவற்றையும் விலக்குவனவற்றையும் பிரித்து, ராயகிரி போன்ற ஊர்களின் வகுப்பறைக்கு உகந்த நடைமுறையை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மென்திறன், நன்னூல், பொதுப்பாயிரம், பாடம் சொல்லல், பாடம் கேட்டல், அமைச்சியல், முதல் தலைமுறை மாணாக்கர், ராயகிரி.

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் வட்டாரத்தை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திற்கு அண்மையில் அமைந்த பேரூராட்சி ராயகிரி. இப்பகுதியில் வேளாண்மை முதன்மைத் தொழில். சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்கள், புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தை, இராசபாளையத்தின் நூற்பாலைகள் ஆகியன இப்பகுதி மக்கள் அறிந்த பணியிடங்கள். இத்தகைய ஊர்களிலிருந்து பட்டப்படிப்பிற்குச் செல்லும் மாணாக்கருள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர்.

இம்மாணாக்கர் பாடத்தில் தேறியும் நேர்முகத் தேர்வில் பின்தங்குவது உண்டு. அதற்குரிய காரணமாக ‘மென்திறன் போதாது’ என்னும் ஒற்றை விடை கூறப்படுகிறது. எந்தத் திறன் போதாது, அதனை யார் எங்குக் கற்பித்திருக்க வேண்டும், மாணாக்கரிடம் முன்பே உள்ள திறன்கள் எவை என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. 2022 மார்ச் 1ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் ஆண்டுக்குப் பத்து இலட்சம் இளைஞர்க்குத் திறன் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. இவ்வளவு பெரிய முயற்சி நடைபெறும் காலத்தில், மென்திறன் என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகிறது.

மென்திறன்: சொல்லும் பொருளும்

மென்திறன் என்னும் கலைச்சொல் தொழிற்கூடத்திலோ கல்விக்கூடத்திலோ பிறக்கவில்லை. அமெரிக்கப் படைத்துறையின் பயிற்சி ஆய்வுகளில் உருவானது. பீரங்கி வண்டியை ஓட்டுதல், துப்பாக்கியைப் பழுதுபார்த்தல் போன்ற கருவி சார்ந்த திறன்களுக்குப் பயிற்சி முறைகள் வகுக்கப்பட்டிருந்தன. வீரர்களை வழிநடத்துதல், அறிவுரை கூறுதல், ஒருங்கிணைத்தல் போன்ற, மனிதரோடு தொடர்புடைய திறன்களுக்கு அத்தகைய முறை இல்லை. இவ்விரண்டாம் வகையைப் பற்றி ஆராய 1972 டிசம்பரில் டெக்சாசு மாநிலத்தில் ஒரு கருத்தரங்கு கூட்டப்பட்டது. அவ்வாய்வில் முதன்மைப் பங்காற்றிய பால் விட்மோர், பணியின் எப்பகுதியைப் பற்றி நன்கு அறிந்துள்ளோமோ அதனை வன்திறன் என்றும், எதனைப் பற்றிச் சிறிதளவே அறிந்துள்ளோமோ அதனை மென்திறன் என்றும் வழங்கிவருகிறோம் என்னும் கருத்தைச் சுட்டினார். மென்மை என்பது எளிமையைக் குறிக்கவில்லை. அளக்க இயலாமையைக் குறித்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

பின்னர் உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்கான வாழ்வியல் திறன்களைப் பத்தாக வகுத்தது. தன்னறிதல், பிறர்நிலை உணர்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதியன சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், கருத்தைத் திறம்பட உணர்த்தல், உறவைப் பேணுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், உணர்வுகளைக் கையாளுதல் என்பன அவை. 1996இல் யுனெசுகோவிற்கு அளிக்கப்பெற்ற தெலோர் குழுவின் அறிக்கை, அறிதற்குக் கற்றல், செய்தற்குக் கற்றல், கூடி வாழ்தற்குக் கற்றல், தாமாக இருத்தற்குக் கற்றல் எனக் கல்விக்கு நான்கு தூண்களைக் காட்டியது.

மேற்கண்ட பட்டியல்களில் எதுவும் ஒரு குறிப்பிட்ட மொழியைப் பேசும் ஆற்றலை மென்திறன் எனக் கூறவில்லை. கருத்தை உணர்த்தல் என்பது திறன்; ஆங்கிலம் என்பது அத்திறன் செயற்படும் மொழிகளுள் ஒன்று. ஆங்கிலம் கற்பிப்பது வேண்டற்பாலதே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்போது, தமிழில் தெளிவாகப் பேசவும் கூர்ந்து கேட்கவும் வல்ல மாணாக்கர் திறனற்றவராக எண்ணப்படுகிறார். இப்பிழையைக் களைவதற்குத் தமிழ்க் கல்வி மரபின் வரையறைகள் துணைபுரிகின்றன.

நன்னூலும் தென்காசி வட்டாரமும்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்னும் இரண்டு அதிகாரங்களுக்கு முன்னர் 55 நூற்பாக்களைக் கொண்ட பாயிரம் அமைந்துள்ளது. அதன் பொதுப்பாயிரப் பகுதி, நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடம் சொல்லும் இயல்பு, மாணாக்கரின் இயல்பு, பாடம் கேட்கும் இயல்பு என ஐந்தாகப் பகுக்கப்படும். இவற்றைப் பவணந்திக்கு முன்பிருந்தே வழங்கிய மரபின் தொகுப்பாகக் கொள்வாரும் உளர். இலக்கணம் கற்கப் புகுவோன் எழுத்தையும் சொல்லையும் அறிவதற்கு முன் கற்பித்தல், கற்றல் என்னும் உறவை அறிதல் வேண்டும் என்பது இவ்வமைப்பால் புலப்படுகிறது.

இந்நூலுக்கும் தென்காசி வட்டாரத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஊற்றுமலையின் குறுநிலத் தலைவர் மருதப்பத் தேவரின் வேண்டுகோளின்படி, திருநெல்வேலிச் சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு விருத்தியுரை வரைந்தார். அவ்வுரையைத் திருத்தி விரிவாக்கியவர், பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர். 19ஆம் நூற்றாண்டில், சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து காவடிச்சிந்தால் புகழ்பெற்ற அண்ணாமலை ரெட்டியார், திருவாவடுதுறையில் உ.வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். ஊற்றுமலையின் ஆதரவைப் பெற்றவர். ஆகவே, பாடம் சொல்லுதலையும் கேட்டலையும் பற்றிய இக்கொள்கை ராயகிரி மாணாக்கருக்கு வெளியிலிருந்து வருவதன்று. அவர்தம் நிலத்தில் உரை பெற்று வளர்ந்த மரபு.

ஆசிரியருக்குரிய மென்திறன்கள்

நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கனோடு நன்னூல் ஒப்பிடுகிறது. நிலம் பொறுமையும் உறுதியும் உடையது. உழவரின் முயற்சிக்கும் பருவத்திற்கும் ஏற்பப் பயன் தருவது. மலை அளவிடற்கரிய பொருள்வளம் உடையது. மழை வறண்ட காலத்தும் வளம் தருவது. நிறைகோல் ஐயத்தைத் தீர்ப்பது; ஒருபக்கம் சாயாதது. மலர் மங்கலமானது; எவரும் விரும்புவது; மென்மையும் முகமலர்ச்சியும் உடையது.

இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மலையின் பொருள்வளம் இன்று வன்திறன் எனப்படும் பாட அறிவைக் குறிக்கிறது. நிலத்தின் பொறுமை, நிறைகோலின் நடுவுநிலை, மலரின் மென்மை ஆகியன இன்று மென்திறன் எனப்படுவன. வன்மையையும் மென்மையையும் எதிரெதிராக நிறுத்தாமல், ஒரே ஆசிரியரிடம் சேர்ந்திருக்க வேண்டிய இயல்புகளாக நன்னூல் கொள்கிறது. மலையாக மட்டும் உள்ள ஆசிரியர் அறிஞராவார். மலராக மட்டும் உள்ளவர் இனியவராவார். இருவரும் நல்லாசிரியர் ஆவதில்லை.

ஆசிரியர் ஆகாதாரைக் காட்டும் உவமைகள் இக்கருத்தை மேலும் தெளிவாக்குகின்றன. கழற்சிக்காய் நிரப்பிய குடத்திலிருந்து காய்கள் இட்ட முறையில் வெளிவருவதில்லை. கற்ற வரிசையைக் குலைத்து உரைக்கும் ஆசிரியர் கழற்குடம். மடல் சூழ்ந்த பனை, தானே உதிர்த்தால் அன்றி ஏறிப் பறிக்க இடங்கொடாது. மாணாக்கர் அணுக இயலாத ஆசிரியர் மடற்பனை. பஞ்சை அடைத்த குடுக்கையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. அரிதிற் கற்றும் எளிதிற் சொல்ல இயலாதவர் பருத்திக்குண்டிகை. நீர் வார்த்தவனுக்கு அன்றி அயலானுக்குக் காயை உதிர்க்கும் வளைந்த தென்னை முடத்தெங்கு. உழைத்த மாணாக்கரை விடுத்துப் பிறர்க்குப் பயன்படுபவர் அத்தகையர்.

இந்நால்வரும் கல்லாதவர் அல்லர் என்பது நுணுகி நோக்கத்தக்கது. குடத்தில் காய் உண்டு. பனையில் பழம் உண்டு. குடுக்கையில் பஞ்சு உண்டு. தென்னையில் தேங்காய் உண்டு. அறிவு இருந்தும் அது மாணாக்கரைச் சென்று சேரவில்லை. ஒழுங்குபடுத்தல், அணுகற்கு எளிமை, எடுத்துரைத்தல், நடுவுநிலை என்னும் நான்கு திறன்களின் இன்மையே இங்குக் குறையாகக் காட்டப்படுகிறது. மென்திறன் இல்லாத வன்திறனின் நிலையை இவ்வுவமைகள் அன்றே வரைந்து காட்டியுள்ளன எனலாம்.

பாடம் சொல்லும் முறையைக் கூறும் பகுதி, காலத்தையும் இடத்தையும் தெரிதல், சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் வகுத்துக்கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும் உரைத்தல், ஒவ்வொரு மாணாக்கரும் எவ்வகையில் ஏற்பார் என அறிந்து அதற்கேற்பக் கற்பித்தல் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. இவற்றுள் இறுதியில் கூறப்பட்டதே முதன்மையானது. எடுத்துரைப்பின் வெற்றியை உரைப்பவரின் நாவன்மையால் அளவாமல், கேட்பவரின் உள்ளத்தில் பொருள் பதிந்ததா என்பதால் அளக்கும் கோட்பாடு இது.

மாணாக்கருக்குரிய மென்திறன்கள்

மாணாக்கரை முதல், இடை, கடை என மூவகைப்படுத்தி நன்னூல் எட்டு உவமைகளைத் தருகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், புல் மிகுந்த இடத்தில் மேய்ந்து பின்னர் அமைதியாக அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. இட்ட உழைப்பின் அளவே விளைவு தரும் மண்ணும், கற்பித்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியும் இடை மாணாக்கருக்கு உவமை. ஒழுகும் இல்லிக்குடம், ஓரிடத்தில் நிலைத்து மேயாத ஆடு, நீரைக் கலக்கிப் பின் குடிக்கும் எருமை, நெய்யை விடுத்துக் கசடைப் பற்றும் நெய்யரி ஆகியன கடை மாணாக்கருக்கு உவமை.

இப்பகுப்பில் கிளியின் இடம் இன்றைய தேர்வு முறைக்கு ஒரு மறுப்பாக அமைகிறது. ஆசிரியர் சொன்னதைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கர் முழு மதிப்பெண் பெறுவது இன்றைய வழக்கம். நன்னூல் அவரை முதல் வரிசையில் வைக்கவில்லை. தள்ளுவதையும் கொள்ளுவதையும் பிரித்தறியும் அன்னமும், கேட்டதைத் தனித்திருந்து மீளச் சிந்திக்கும் பசுவுமே முதன்மை பெறுகின்றன. ஆய்ந்து சிந்தித்தல், தன் கற்றலைத் தானே மீள நோக்குதல் என இன்று கூறப்படும் திறன்களோடு இவை பொருந்துகின்றன.

பாடம் கேட்டலின் இயல்பில் உரிய காலத்தில் செல்லுதல், ஆசிரியரின் குறிப்பை உணர்தல், தாகத்தோடு பருகுவதுபோல் ஆர்வத்தோடு கேட்டல், கேட்டதை மறவாது உள்ளத்தில் இருத்துதல் ஆகியன கூறப்படுகின்றன. அதன் பின்னர் உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை மீண்டும் அணுகிக் கேட்டல், உடன்பயில்வோரோடு பயிலுதல், வினவுதல், வினவியவற்றிற்கு விடையிறுத்தல் ஆகியன மாணாக்கரின் கடமைகளாகத் தரப்படுகின்றன. கேட்டலில் தொடங்கி விடையிறுத்தலில் முடியும் இவ்வரிசை, பணிவிலிருந்து தன்னுரிமைக்குச் செல்லும் வளர்ச்சிப் படியாகவும் காணத்தக்கது.

கால்கூற்றுக் கணக்கு

பொதுப்பாயிரத்தில் மென்திறன் கல்விக்கு மிகுதியும் பயன்படும் பகுதி, புலமை நிரம்பும் அளவைக் கூறும் நூற்பாவாகும். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கர் குறைவறக் கொண்டாலும் அவருக்குக் கிட்டுவது புலமையின் கால்பங்கே. உடன்பயில்வோரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால்பங்கு வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் நிரம்புகிறது.

இக்கணக்கைத் துல்லியமான அளவீடாகக் கொள்ள வேண்டுவதில்லை; முதன்மையின் வரிசையாகக் கொள்ளலாம். இதன்படி ஆசிரியரின் சொற்பொழிவு கால்பங்கையே தருகிறது. முக்கால் பங்கு மாணாக்கரின் கூட்டுப் பயிற்சியாலும் எடுத்துரைப்பாலும் வருகிறது. ஆனால், இன்றைய வகுப்பறைகளில் நேரத்தின் பெரும்பகுதி ஆசிரியரின் உரைக்கே செல்கிறது. மாணாக்கர் எழுந்து நின்று ஒரு கருத்தைத் தம் சொற்களில் விளக்கும் வாய்ப்பு அரிது. மூன்றாண்டுகள் வாய்திறவாது இருந்த மாணாக்கரை இறுதியாண்டில் சில நாள் மென்திறன் பயிற்சிக்கு அனுப்புவது, பருவம் முழுதும் நீர் பாய்ச்சாத வயலுக்கு அறுவடை நாளில் நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

கூடிப் பணியாற்றல், எடுத்துரைத்தல் ஆகிய திறன்களைப் பாடத்திற்குப் புறம்பான பயிற்சியாக நன்னூல் வைக்கவில்லை. அவை புலமை நிரம்பும் வழிகளாகவே பாடத்தினுள் அமைகின்றன. ஆகவே கணிதம், வரலாறு, இலக்கணம் என எப்பாடமாயினும் அதனைக் கற்கும் முறையிலேயே மென்திறன் வளரும் என்பது இம்மரபு தரும் முதன்மைக் கருத்தாகும்.

தன்னைப் புகழ்தலும் நேர்முகத் தேர்வும்

தன் பெருமையைத் தானே பேசலாகாது என்னும் ஒழுக்கத்தில் வளர்ந்த மாணாக்கர், உங்களைப் பற்றிக் கூறுங்கள் என்னும் நேர்முகத் தேர்வு வினாவின் முன் தயங்குகிறார். அத்தயக்கம் தன்னம்பிக்கைக் குறைவாக மதிப்பிடப்படுகிறது. பெரியோர் முன்னிலையில் அடங்கி இருத்தல் என்னும் வீட்டுப் பயிற்சியும், தன்னை முன்னிறுத்துதல் என்னும் அலுவலக எதிர்பார்ப்பும் இங்கு முரண்படுகின்றன. இம்முரணில் தோற்பவர் பெரும்பாலும் சிற்றூர் மாணாக்கரே. மாணவியர்க்கு இச்சுமை இரட்டிப்பாகிறது.

நன்னூலின் பாயிரம் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைத் தருகிறது. எல்லாக் கலையிலும் வல்லவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என அது பொதுவிதி கூறுகிறது. உடனே நான்கு இடங்களை விலக்காகக் காட்டுகிறது. அரசவைக்குத் தன்னைப் பற்றி ஓலை விடுக்குமிடம், தன் ஆற்றலை அறியாதார் இடையில் நிற்குமிடம், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுது, எதிர்தரப்பார் தன்னைப் பழித்த பொழுது ஆகிய நான்கிலும் தன் திறனைத் தானே கூறலாம்.

இன்றைய பணி விண்ணப்பம் முதலாவதோடும், நேர்முகத் தேர்வு இரண்டாவதோடும், குழு உரையாடல் மூன்றாவதோடும், தகுதியற்ற குற்றச்சாட்டிற்கு விடையிறுத்தல் நான்காவதோடும் ஒத்துச் செல்கின்றன. அடக்கமும் தன்னைக் கூறுதலும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. இடம் அறிந்து கையாளவேண்டியவை. ‘வெட்கப்படாதே, பேசு’ எனக் கூறுவதனினும், இது பேசுதற்குரிய இடம் எனத் தம் மரபினின்றே விளக்குவது மாணாக்கரின் தயக்கத்தை நீக்க வல்லது. தம் பண்பைத் துறக்காமலே அவர் பேசலாம்.

பணியிடமும் அமைச்சியலும்

நன்னூல் கல்வியுறவோடு நிற்பது. பணியிட உறவிற்குத் திருக்குறளின் பொருட்பாலை நோக்குதல் வேண்டும். அமைச்சியலின் பத்து அதிகாரங்கள் அமைச்சு, சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை, தூது, மன்னரைச் சேர்ந்தொழுகல், குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை என்பன. ஒரு பொறுப்பில் அமர்ந்தவர் பேசும் முறை, செய்யும் முறை, மேலோரோடு பழகும் முறை, அவையில் நிற்கும் முறை ஆகியன இவற்றில் முறைப்படுத்தப்பட்டுள்ளன.

சொல்வன்மை அதிகாரம் ஆக்கமும் கேடும் சொல்லால் வருவதை எடுத்துக்காட்டி, கேட்போர் திறமறிந்து சொல்லுமாறு கூறுகிறது. குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொற்களை விரும்புவர் என்கிறது. கற்றதைப் பிறர் உணர உரைக்க இயலாதவரைக் கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகிறது. வினைசெயல்வகை, ஒரு செயலைத் தொடங்குமுன் பொருள், கருவி, காலம், செயல், இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணுமாறு பணிக்கிறது. அரைகுறையாக விட்ட வேலை அணைக்காத நெருப்பைப்போல் பின்னர்க் கெடுக்கும் என எச்சரிக்கிறது. மன்னரைச் சேர்ந்தொழுகல், மேலோர் முன்னிலையில் பிறர் காதில் கிசுகிசுப்பதையும் பிறரோடு சேர்ந்து நகைப்பதையும் விலக்குகிறது. அரசியல் பகுதியில் உள்ள தெரிந்துவினையாடல், இச்செயலை இன்ன வழியால் இன்னார் முடிப்பார் என ஆராய்ந்து அதனை அவரிடமே விட்டுவிடக் கூறுகிறது. பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் மேலாண்மைத் திறன் இதுவாகும்.

மென்திறன் என்றவுடன் பெருநகரின் கணினி நிறுவனங்களே நினைவிற்கு வருகின்றன. ஆயினும் வட்டாட்சியர் அலுவலகத்தில் முதியோர் ஓய்வூதிய மனுவை ஒரு மூதாட்டிக்கு அவர் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைக்கும் எழுத்தரும், நூற்பாலையில் பணிமுறை மாறும்போது இயந்திரத்தின் கோளாறை அடுத்து வருபவரிடம் தவறாது கூறிச் செல்லும் தொழிலாளியும், வந்தவரை ‘அண்ணாச்சி’, ‘அக்கா’ என உறவுமுறையால் அழைத்து அவர் தேவையைக் குறிப்பால் உணரும் நெல்லைச் சீமைக் கடைக்காரரும் மென்திறன் உடையவரே. இத்திறன்களைப் பார்த்தும் பழகியும் வளர்ந்த மாணாக்கரை, ஒன்றும் அறியாதவர் எனக் கொண்டு பயிற்சியைத் தொடங்குவது பொருந்தாது.

பணியிடத்து இன்முகம் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் வெளியிட்ட தம் நூலில், வானூர்திப் பணிப்பெண்களின் புன்னகை ஊதியத்திற்கு விற்கப்படும் உழைப்பாக மாறுவதையும், அதனால் அவர்கள் தம் உணர்விலிருந்தே விலக நேர்வதையும் ஆராய்ந்தார். திருக்குறள் இனிய சொல்லை அன்பு கலந்ததாகவும் வஞ்சமற்றதாகவும் வரையறுக்கிறது. உள்ளீடற்ற புன்னகையைப் பயிற்றுவிப்பது மென்திறன் கல்வியாகாது.

மரபின் வரம்புகள்

இம்மரபை அவ்வாறே பெயர்த்து இன்று நடுதல் இயலாது. நல்லாசிரியரின் இலக்கணத்தில் நன்னூல் முதற்கண் வைப்பது குலத்தை. கற்பிக்கும் தகுதியைப் பிறப்போடு பிணைக்கும் இக்கருத்து இன்றைய அரசமைப்பிற்கும் அறத்திற்கும் ஒவ்வாதது. மாணாக்கர் ஆகாதார் பட்டியலில் களிமகன், சோம்பேறி, கள்வன், சினமுடையோன் முதலியோரோடு நோயாளியும் அறிவு மந்தமானவரும் இடம்பெறுகின்றனர். கல்வி எல்லார்க்கும் உரிமையாகிவிட்ட காலத்தில், கடைநிலை எனப்பட்டவரையும் கைவிடாது கற்பிப்பதே ஆசிரியரின் திறனாகும்.

கேட்டல் பற்றிய பகுதி மாணாக்கரை ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்கச் சொல்வதும் சிந்தனைக்குரியது. அவ்வடக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, அடுத்து வரும் வினவுதலும் விடையிறுத்தலும் கைவிடப்பட்டமை நடைமுறையில் நேர்ந்த பெருங்கேடு. அமைச்சியலும் அரசனுக்குப் பணிபுரிவோரை மனத்தில் கொண்டது. இன்றைய பணியாளரோ உரிமைகள் உடையவர். பணிவோடு மறுத்துரைத்தல், துன்புறுத்தலை முறையிடல், இயலாததை இயலாது எனக் கூறல் ஆகியனவும் இன்று மென்திறன்களே. மரபை அன்னத்தின் திறத்தோடு பிரித்துக் கொள்வது மரபிற்கு உடன்பாடானதே.

வகுப்பறை நடைமுறை

மேற்கண்டவற்றிலிருந்து தனிப்பாடவேளையோ பெருஞ்செலவோ இன்றி, ராயகிரி போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் அருகிலுள்ள கல்லூரிகளிலும் பின்பற்றத்தக்க சில நடைமுறைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கால்கூற்றுக் கணக்கின்படி வகுப்பு நேரத்தைப் பகுத்தல். பாடவேளையின் ஒரு பகுதியை இருவர் மூவராகச் சேர்ந்து பயிலவும், ஒரு பகுதியை மாணாக்கர் எழுந்து விளக்கவும் ஒதுக்கலாம். முதற்கட்டத்தில் இவ்விளக்கம் மாணாக்கரின் தாய்மொழியில், வட்டார வழக்கு கலந்திருப்பினும் இகழாது ஏற்கப்படுதல் வேண்டும். எடுத்துரைக்கும் துணிவு தமிழில் வந்தபின் அதே கருத்தை ஆங்கிலத்திலும் உரைக்கப் பழக்கலாம். துணிவின்றி மொழியை மட்டும் புகட்டினால் கிளியே உருவாகும்.

இரண்டாவது, கேட்டலை மதிப்பிடுதல். ஒரு மாணாக்கர் பேசி முடித்தபின் மற்றொருவர் அவர் கருத்தைத் திரிக்காமல் சுருக்கிக் கூறவேண்டும். அதன்பின்னரே மறுக்கவோ வினவவோ இடம் தரலாம். இப்பயிற்சி பிறர்நிலை உணர்தலையும் ஆய்ந்து சிந்தித்தலையும் ஒருங்கே வளர்க்கும்.

மூன்றாவது, பொருள் பொதிந்த பணிகளை அளித்தல். குடிநீர் குறித்துப் பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதுதல், விசைத்தறித் தொழிலாளர் ஒருவரிடம் அவர் தொழிலைக் கேட்டறிந்து வகுப்பில் விளக்குதல், ஓர் அரசுத் திட்டத்தின் விண்ணப்பத்தை வீட்டிலுள்ள முதியவர்க்குப் புரியவைத்தல் ஆகியன மொழித்திறனையும் பணியிடத் திறனையும் இணைப்பன.

நான்காவது, ஆசிரியர் தம்மை மதிப்பிடுதல். கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கும் ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே சோதித்தற்குரிய வினாக்களாகும். இன்றைய பாடம் வரிசையாக இருந்ததா, மாணாக்கர் தயங்காது அணுகினரா, எளிதாக விளங்கியதா, உழைத்தவர்க்கு உரிய கவனம் கிடைத்ததா என நான்கு வினாக்களாக அவற்றை மாற்றிக்கொள்ளலாம். விரையாமலும் வெகுளாமலும் வினாவை ஏற்கும் ஆசிரியரைக் காணாத மாணாக்கருக்கு, எத்தனை பயிற்சி முகாம் நடத்தினும் அத்திறன் வாய்ப்பது அரிது.

முடிவுரை

மென்திறன் என்னும் சொல் புதிது. அது சுட்டும் பொருள் தமிழ்க் கல்வி மரபிற்குப் புதிதன்று. ஆசிரியருக்கு வேண்டிய பொறுமை, நடுவுநிலை, முகமலர்ச்சி, கேட்போர் இயல்பறிந்து உரைத்தல் ஆகியவற்றையும், மாணாக்கருக்கு வேண்டிய பகுத்துணர்தல், அசைபோடுதல், கூடிப் பயிலல், வினவல், எடுத்துரைத்தல் ஆகியவற்றையும் நன்னூல் வரையறுக்கிறது. பணியிடத்திற்கு வேண்டிய சொல்வன்மை, செயல்திட்டம், குறிப்புணர்தல், அவையில் அஞ்சாமை ஆகியவற்றைத் திருக்குறள் தருகிறது. மூன்று களங்களிலும் பொதுவாக நிற்கும் அடிப்படை, எதிரிலிருப்பவர் எவ்வாறு ஏற்பார் என்பதை அறிந்து ஒழுகுதலாகும்.

இத்திறன்கள் உடையாலோ ஒரு மொழியின் ஒலிப்பாலோ அளக்கப்படுவன அல்ல. பாடத்திற்குப் புறம்பே இறுதியாண்டில் ஊட்டப்படுவனவும் அல்ல; நாள்தோறும் பாடம் சொல்லும், கேட்கும் முறையில் விளைவன. பிறப்பால் தகுதி கூறும் பகுதியையும் வினாவற்ற அடக்கத்தையும் நீக்கி, மரபின் எஞ்சிய வளத்தைக் கைக்கொண்டால், ராயகிரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணாக்கர் வேற்றாராக மாறவேண்டிய தேவை எழாது. தம் ஆற்றலை அறியாதார் முன்னிலையில் அதனை அளவோடு எடுத்துக்கூறும் உரிமை தம் மரபிலேயே தமக்கு உண்டு என்பதை அவர் அறிந்து செல்வார். அவ்வாறு அவரை ஆக்கும் பொறுப்பில், மொழியாசிரியரோடு எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பங்கு உண்டு.